துள்ளுபலகையில் ஒரு பிடிச் சோறு

மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் ஒரே காரணம், நெம்புகோலின் நடுவை உத்தேசமாக வைப்பதுதான். பியோ கியூச்சான் இதைப் பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில், 103ஆம் கட்டடத்தின் கீழே, குப்பை பிரிக்கும் கொட்டகையின் அருகில் நின்று அறிவித்தான். போர், விவாகரத்து, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எல்லாமே இதில் அடக்கம் என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்: குடியிருப்பு மேலாளர் நோ. அவர் அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டியது கருத்துக்கா, பெட்டிக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சிக்கூடங்கள் நிறைந்த தேஜான் நகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு முனைவர் மேல் விழும். அவரும் அது விழுந்த வேகத்தைச் சொல்வாரே தவிர, வலித்தது என்று சொல்லமாட்டார். கியூச்சான் இன்னும் முனைவர் ஆகவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தியிருந்தான். "நிறுத்தவில்லை, வேகம் சுழியாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்பது அவன் வீட்டில் கொடுத்த விளக்கம்.

இப்போதைக்கு எதிர்த்த கடைக்கட்டடத்தின் மூன்றாவது மாடி டியூஷன் மையத்தில் 'கண்ணீரில்லா விசையியல்' என்றொரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மூன்று மாணவர்கள். அதில் ஒருவன் ஹீட்டருக்காக வருகிறவன். மையத்தின் முதலாளியம்மா பாங் நேற்றுதான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"முழுநிலா விழா முடிஞ்சதும் மார்ச் பருவம் ஆரம்பிக்குது. அதுக்குள்ள பத்து பிள்ளைங்க சேரலைன்னா உங்க அறையை ஓவிய வகுப்புக்குக் குடுத்துடுவேன். அங்க கூட்டம் தாங்கல."

"விசையியல் இல்லாம ஓவியமே இல்லீங்க. தூரிகை—"

"பத்து பிள்ளைங்க" என்றார் பாங்.

பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது வாத்தியார் கையில் இல்லை. அது அம்மாக்களின் கைப்பேசிக் குழுவில் இருந்தது. குழு சாங்மின் அம்மாவின் கையில் இருந்தது. அவர் 103ஆம் கட்டட மாதர் சங்கத் தலைவி. சாங்மின் எந்த டியூஷனில் சேர்கிறானோ அதே டியூஷனில் அடுத்த வாரத்துக்குள் ஒரு பட்டாளமே சேர்ந்துவிடும். கியூச்சான் இதை ஈர்ப்புவிசை என்று சரியாகவே கணித்திருந்தான். பெரிய பொருண்மையை நோக்கிச் சிறியவை நகரும். அந்த வாக்கியத்தைச் சாங்மின் அம்மா காதில் விழும்படி சொல்லக்கூடாது என்பதைத்தான் அவன் கணிக்கத் தவறினான். ஆனால் அது பின்னால் வருகிறது.

"வாத்தியார் தம்பி! நோ ஐயாகிட்ட பெனாத்திக்கிட்டு நிக்கிறியே, இங்க வந்து கொஞ்சம் கை குடு."

கூப்பிட்டது சாங்மின் அம்மாதான். அவர் காருக்குக் குறுக்கே, இரண்டாவது வரிசையில், ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று நின்றது. வழக்கம்போல நியூட்ரலில் விட்டுப் போயிருந்தார்கள். வேண்டியவர்கள் தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். கியூச்சான் கையுறையைக் கழற்றினான். பாடம் ஆரம்பமாகிறது என்று அதற்கு அர்த்தம்.

"இது நகராம இருக்கு இல்லீங்களா? நகராம இருக்கிறது நகராமதான் இருக்கப் பாக்கும். அதுக்குப் பேரு நிலைமம். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு சோபாவுல சாங்மின் அப்பா படுத்திருப்பாரே, அந்த மாதிரி."

"அவரை ஏன் இழுக்கிறே? வண்டியைத் தள்ளு."

தள்ளினான். வண்டி யோசித்தது. பிறகு மெதுவாக நகர்ந்தது.

"இப்ப பாருங்க. நகர ஆரம்பிச்சா நகந்துகிட்டேதான் இருக்கும். தானா நிக்காது."

"அப்ப சாங்மின் அப்பா மாதிரி இல்ல."

வண்டி தானாக நிற்கவில்லை. பாடம் முழுக்கச் சரியாக இருந்ததால்தான் ஆபத்து. தரை லேசான சரிவு. கோடு தாண்டி, பூச்செடிப் பாத்தியைப் பார்த்து அது போய்க்கொண்டிருந்தது. கியூச்சான் சுற்றி ஓடி முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினான். அவன் காலுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய உராய்வு அன்று விடுப்பில் இருந்தது. வண்டி அவனைத் தள்ள, அவன் நின்ற நிலையிலேயே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே போனான். அமைச்சர்கள் விமானநிலையத்தில் நகரும் நடைபாதையில் போவது போல ஒரு கம்பீரம். பனியை உருக்கத் தூவும் உப்பு வைக்கும் மஞ்சள் பெட்டியில் முதுகு இடித்து, பெட்டி அசையாமல் நின்று, அவனையும் வண்டியையும் காப்பாற்றியது.

"நிறுத்தறதுக்கும்…" என்றான், மூச்சு வாங்க. "தள்றதுக்குப் போட்ட அதே பாடு வேணுங்கிறதைத்தான் இப்ப நாம பாத்தோம்."

சாங்மின் அம்மா அவனை எழுப்பிவிட்டார். பின்பக்கத்துப் பனியைத் தட்டியும் விட்டார்.

"நீ சொல்றதெல்லாம் நடக்குது தம்பி. ஆனா நடந்த பிறகுதான் சொல்றே." கார்க் கதவைத் திறந்தவர் நின்றார். "ஆமா, பலகை விஷயத்துல உன் படிப்பு ஏதாவது உதவுமா? போன வருஷமும் 101தான் ஜெயிச்சுது. அந்தக் கட்டடத்து நாத்தனாருங்க ரெண்டு பேரும் இன்னும் குப்பைக் கொட்டகையில என்னைப் பாத்தா சிரிக்கிறாளுங்க."

பலகை என்றால் துள்ளுபலகை. வைக்கோல் மூட்டையின் மேல் நீளப் பலகை. ஆளுக்கொரு முனையில் நின்றுகொண்டு, ஒருத்தி குதித்து இறங்கினால் மற்றவள் மேலே பறப்பாள். முழுநிலா விழாவில் கட்டடத்துக்கு ஒரு ஜோடி. எந்த ஜோடி கடைசிவரை கால் தரையில் படாமல் துள்ளுகிறதோ அது வெல்லும்.

கியூச்சானின் முகம் தெய்வச்செயலைக் கண்டவன் முகமாக மாறியது. மனித குலத்தின் துன்பத்துக்குக் காரணமானது தேடிக்கொண்டு வந்து அவன் வாசலில் நின்றது.

"சாங்மின் அம்மா, அது நெம்புகோல். என் கையில விடுங்க. 101 திரும்பிப் பாக்காம ஓடணும்."

"ஜெயிச்சா சாங்மினை உன் வகுப்புல சேக்கிறேன். குழுவுலயும் ரெண்டு வார்த்தை போடுறேன். தோத்தா?"

"அறிவியல் தோக்காதுங்க."

"சரி, அறிவியலை விடு. நீ?"

அவன் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டான். அன்று இரவு சாப்பாட்டில் இன்னொரு கிண்ணம் அரிசி வில்லை சூப் வாங்கிக்கொண்டான்.

*

பயிற்சி, விளையாட்டுத் திடலில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில். ஒரு முனையில் சாங்மின் அம்மா. மறு முனையில் ஏழாவது மாடி யூல் அம்மா: காற்றடித்தால் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, குடை அவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதா என்று சந்தேகப்பட வைக்கும் உடம்பு. பலகை நகராமல் நடுவில் உட்கார்ந்துகொள்ள மேலாளர் நோ.

எங்கள் பக்கத்தில் இந்தப் பலகையைச் சரிசெய்ய ஒரு முறை உண்டு. மெலிந்தவளுக்குப் பலகை நீளமாக வேண்டும். அப்போதுதான் பருத்தவளை அவளால் தூக்க முடியும். இதை யாரும் இந்தச் சொற்களில் சொல்வதில்லை. "உனக்குக் கொஞ்சம் சோறு போடட்டுமாடி?" என்று கேட்டு, மெலிந்தவள் பக்கமாகப் பலகையைத் தள்ளிவிடுவார்கள். ஒரு துள்ளல் துள்ளிப் பார்ப்பார்கள். "இன்னும் பசிக்குது" என்பாள் ஒருத்தி. இன்னும் ஒரு பிடி தள்ளுவார்கள். யார் கனம், யார் லேசு என்ற பேச்சே எழாது. எல்லோரும் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

"சோறா?" என்றான் கியூச்சான். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு, காலால எத்தி, பசிக்குதா பசிக்கலையான்னு கேட்டுக்கிட்டு… இப்படித்தான் பாலம் கட்டுறோமா? இப்படித்தான் ராக்கெட் விடுறோமா?"

"ராக்கெட்ல யாரு எதிர்ப்பக்கம் நிப்பா?" என்றார் யூல் அம்மா, நியாயமாக.

"ரொம்ப சுலபம். எடையைத் தூரத்தால பெருக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா பலகை சமம். மாமியார் மருமக மாதிரிதான். கனமானவங்க நடுவுக்குக் கிட்ட, லேசானவங்க தள்ளி."

"எங்க வீட்டுல ரெண்டு பேருமே தள்ளிதான் நிக்கிறோம்."

"அப்புறம், ஒருத்தர் எவ்வளவு உயரத்துலேருந்து இறங்குறாங்களோ, அந்த ஆற்றல்தான் எதிராளியை மேல ஏத்தும். சும்மா கிடைக்காது. ஒருத்தர் இறங்கினாதான் இன்னொருத்தர் ஏறலாம்."

"அபார்ட்மெண்ட் விலை மாதிரியா?"

"அது வேற. அது இறங்கறதே இல்ல." கியூச்சான் கைப்பேசியை எடுத்தான். "இப்ப எடையைச் சொல்லுங்க. மிச்சத்தைக் கணக்கு பாத்துக்கும்."

ஊஞ்சல்கூட நின்றுவிட்டது போலிருந்தது. மேலாளர் நோ தன் காலணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஐம்பத்தெட்டு" என்றார் சாங்மின் அம்மா, மலையைப் பார்த்துக்கொண்டு.

"நாப்பத்தெட்டு" என்றார் யூல் அம்மா.

பாடப்புத்தகத்தில் பலகைக்கு எடை கிடையாது. எங்கள் குடியிருப்பில் பெண்களுக்கும் கிடையாது. கியூச்சான் எழுதிக்கொண்டு, அளவு நாடாவை விரித்து, சென்டிமீட்டர் பிசகாமல் பலகையை வைத்தான்.

சாங்மின் அம்மா குதித்தார். யூல் அம்மா காணாமல் போனார். ஒரு கணம் கழித்து ஊஞ்சல் கம்பியின் உயரத்தில் தென்பட்டார். முகத்தில், பயத்தைவிட, ஐந்தாவது மாடியில் யார் வீட்டு பால்கனியில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்ட வியப்பு. இறங்கும்போது பலகையில் விழவில்லை, மணலில் விழுந்தார். திரும்ப முயன்றார்கள். இந்த முறை யூல் அம்மா தன்னால் முடிந்த மட்டும் குதித்தார். சாங்மின் அம்மாவின் குதிகால் மட்டும் மரியாதைக்கு எழுந்து உட்கார்ந்தது.

"ரெண்டு பேரும் ஒரே விகிதத்துல பொய் சொல்லியிருந்தா நெம்புகோலுக்குக் கவலையே இல்லீங்க" என்றான் கியூச்சான், மிகுந்த பொறுமையோடு. "அதுக்கு விகிதம் மட்டும்தான் தெரியும். ஆளுக்குப் பத்துல ஒரு பங்கு குறைச்சுச் சொல்லுங்க, நான் ஜெயிச்சுக் காட்டுறேன். ஆனா நீங்க ஆளுக்கொரு அளவுல குறைக்கிறீங்க. அதான் சிக்கல். யூல் அம்மா, உண்மையைச் சொல்லுங்க."

"மருத்துவப் பரிசோதனையில அம்பதுன்னு போட்டிருந்துச்சு" என்றார் யூல் அம்மா. இழக்க ஒன்றும் இல்லாதவர்.

"போதும். மத்ததைப் பலகையே சொல்லும். ரெண்டு பேரும் நுனியில உக்காருங்க."

இந்த இடத்தில் ஒருவர், யாராவது ஒருவர், அவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். நோவுக்கு அந்த எண்ணம் வந்தது; ஆனால் அவர் எழுந்தால் பலகை நகர்ந்துவிடும். கியூச்சான் பலகையை மெல்ல மெல்ல நகர்த்தி, அது இருபக்கமும் தொடாமல் அந்தரத்தில் நின்றதும், இந்தப் பக்கம் அளந்தான், அந்தப் பக்கம் அளந்தான், பெருக்கினான், வகுத்தான். பலகையின் கனத்தைப் பாடப்புத்தகம் சொன்னபடியே விட்டுவிட்டான். பிறகு, பிப்ரவரிக் குளிரில் மூச்சு வெண்புகையாக எழ, வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னான்.

"எழுபத்தொண்ணு."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஐம்பத்தெட்டுங்கிறது கல்யாணத்தன்னிக்கு இருந்த எடைங்க. இந்த நாட்டுல எல்லாரும் ஏதாவது ஒரு நல்ல நாள்ல எடை பாத்துக்கிட்டு, அதையே சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க. பெரிய பொருண்மையை நோக்கிதான் சின்னதெல்லாம் நகரும். அதுல வெக்கப்பட என்ன இருக்கு? உண்மையான எண்ணைச் சொல்லப் பயப்படுறவங்களாலதான் அறிவியல் இந்த நிலைமையில இருக்கு."

திடலில் அப்போது 103ஆம் கட்டடத்து அம்மாக்கள் பாதிப்பேர் இருந்தார்கள். மீதிப்பேருக்குச் செய்தி போய்ச் சேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தோடு ஒப்பிடலாம்.

சாங்மின் அம்மா பலகையிலிருந்து இறங்கினார். அவர் இறங்கியதும் யூல் அம்மாவின் பக்கம் தொப்பென்று தரையில் விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"ஓவிய வகுப்பு எந்த மாடியில இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

*

முழுநிலா நாள். ஆண்டு முழுக்க உடம்பில் கட்டி வராமலிருக்க, காலையிலேயே அக்ரூட்டைப் பல்லால் கடித்து உடைத்தாயிற்று. திடலில் பெரிய அண்டாவில் ஐந்து தானியச் சோறு, ஏழெட்டு வகைக் காய்ந்த கீரை. மத்தளம், தாளம், வெண்கலத் தட்டு என்று முழங்கிக்கொண்டு 102ஆம் கட்டடத்து ஆட்கள் சுற்றி வந்தார்கள். டியூஷன் முதலாளியம்மா பாங் விளம்பரத் தாளோடு வந்திருந்தார். தாளில் ஓவிய வகுப்பு பெரிய எழுத்தில். கண்ணீரில்லா விசையியல் அடியில், தொலைபேசி எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில்.

கியூச்சான் அண்டா வரிசையில் ஒதுங்கி நின்றான். இரண்டு வாரமாக லிஃப்டில் அவன் ஏறினால் அம்மாக்கள் இறங்கிப் படியில் போனார்கள். பதின்மூன்றாவது மாடிக்காரர்கள்கூட.

"கியூச்சான் வாத்தியாரே!" என்று பின்னாலிருந்து குரல்.

"சொல்லுங்க" என்று திரும்பினான். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்கக்கூடாது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

"என் கோடை வெயிலை நீ வாங்கிக்கோ!" என்றார் யூல் அம்மா வெற்றியோடு. இனி ஜூலை முழுக்க அவருக்குப் பதிலாக இவன் வேர்க்க வேண்டும்.

"வெப்பம் அப்படியெல்லாம் கைமாறாதுங்க. சூடான பொருள்லேருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான்—"

"ஆமா, நான் சூடாத்தான் இருக்கேன். ரெண்டு வாரமா இருக்கேன்" என்றார் யூல் அம்மா. "கேட்டுக்கோ. சாங்மின் அம்மா ஏறாத பலகையில நானும் ஏறமாட்டேன். நோ ஐயாகிட்ட சொல்லிட்டேன். 103க்கு இந்த வருஷம் ஜோடி கிடையாது."

பாங் அதைக் கேட்டார். தாளை மடித்து, பொடி எழுத்து இருந்த அடிப்பகுதியை நகத்தால் கீறிக் கிழிக்கத் தொடங்கினார். நிதானமாக, நேர்கோட்டில்.

ஒலிபெருக்கியில் மேலாளர் நோ கனைத்தார். "101 தயார். 103… 103லேருந்து யாரும்…"

"இருக்கோம்" என்று ஒரு குரல். சாங்மின் அம்மா சிவப்புக் குளிர்ச்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "நான் ஏறுறேன். எதிர்ப்பக்கம் யூல் அம்மா வேண்டாம். வாத்தியார் ஏறட்டும்."

101இன் நாத்தனார்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பளையா, பலகையிலா?

"விதியில 'கட்டடவாசிகள் இருவர்'னுதான் இருக்கு" என்றார் நோ, தாளைப் புரட்டாமலே.

"ஏறட்டும் ஏறட்டும்" என்றாள் மூத்த நாத்தனார். "இதைப் பாக்காம எப்படிச் சாகுறது?"

சாங்மின் அம்மா கியூச்சானின் அருகில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நான் தோக்கமாட்டேன் தம்பி. உனக்காக இல்ல, அவளுங்க சிரிப்புக்காக. கடைசிவரைக்கும் நின்னா சாங்மின் உன்கிட்ட வருவான். வாக்கு வாக்குதான்." பிறகு குரலை உயர்த்தினார். எல்லோருக்கும் கேட்டது. "ஆனா கணக்கு போட்டுத்தான் பலகையை வைக்கணும். உத்தேசமெல்லாம் வேண்டாம். என் எடைதான் ஊருக்கே தெரியுமே. வாத்தியார் எடையைச் சொல்லட்டும், நோ ஐயா. மைக்கை அவர்கிட்ட குடுங்க."

மத்தளம் நின்றது. மைக் வந்தது. கியூச்சான் அதைப் பிடித்தபோது அது மிகவும் கனமாக இருந்தது. பொருண்மை மாறவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"எழுபத்திரண்டு" என்றான்.

அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ராணுவப் பணி முடிந்து, வாயில்காப்பாளருக்குச் சல்யூட் அடித்து வெளியே வந்த அன்று காலை அது சத்தியமான எண்ணாக இருந்தது. அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கூடம் வந்தது, அங்கே ராம்யான் நூடுல்ஸ் வந்தது, பொரித்த கோழி வந்தது, வேகம் சுழியானது. ஒரு பொருளின் மீது எந்த விசையும் செயல்படாதபோது அது எங்கேயும் போகாமல் பெருத்துக்கொண்டிருக்கும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் பெருத்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாக்கள் அவன் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு, மிகுந்த நாகரிகத்தோடு, மலையைப் பார்த்தார்கள்.

"எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு" என்றார் நோ. "அப்ப நடுவுக்குச் சரியா, ஒரு நூல் அந்தாண்ட இந்தாண்ட." நாடாவை விரித்து அளந்து வைத்தார். வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டார். "ஒரு தடவை வெள்ளோட்டம் பாத்துக்கலாம். அதுக்கு மேல கிடையாது."

ஏறினார்கள். முதலில் சாங்மின் அம்மா குதித்தார். நல்ல குதி, பலகை 'டொம்' என்றது. கியூச்சானைத் தரை பிரிய மனமில்லாமல் பிரிந்தது: ஒரு சாண் போனான், நினைத்துக்கொண்டதுபோலத் திரும்பினான்.

திரும்பி வந்து பலகையில் இறங்கினான்.

சாங்மின் அம்மா போனார். சறுக்குமரத்தின் உச்சியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் அவரை நேருக்கு நேர் பார்த்தார்கள். சாங்மின் அவர்களில் ஒருவன். "அம்மா" என்றான், இயல்பாக, வழியில் பார்த்தது போல. சிவப்புச் சட்டை வீங்கியது. கைகள் பறந்தன. ஒரு அலறல் எழுந்து, 103ஆம் கட்டடத்தில் பட்டு, 101இல் பட்டு, பிறகு அவரோடு கீழே வந்தது. ஒரு கால் பலகையில், ஒரு கால் காற்றில். கையைத் துழாவி எப்படியோ நின்றுவிட்டார்.

இப்போது கணக்குத் தெரியாதவர்கள் அந்தத் திடலில் யாரும் இல்லை. எழுபத்தொன்று இவ்வளவு உயரம் போனால் எழுபத்திரண்டு என்பது என்ன? கியூச்சான் இரண்டு வாரத்துக்கு முன்பு அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்: ஒரு பக்கம் தெரிந்தால் மறு பக்கத்தைப் பலகையே சொல்லும். நல்ல வாத்தியார். ஒருவருக்கும் மறக்கவில்லை. பாங்கின் நகம் தாளின் பாதியில் நின்றிருந்தது. 101இன் இளைய நாத்தனார் வாயைத் திறந்தாள்.

எல்லோரும் சாங்மின் அம்மாவைப் பார்த்தார்கள். சொல்ல உரிமை உள்ளவர் அவர். ஒரே ஒரு எண் போதும்.

சாங்மின் அம்மா மூச்சை இழுத்துவிட்டார். சட்டையை இழுத்துச் சரிசெய்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார்.

"நோ ஐயா" என்றார், ஊருக்கே கேட்கும்படி. "எனக்குப் பசிக்குது. கொஞ்சம் சோறு சேத்துப் போடச் சொல்லுங்க."

இளைய நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். பசிக்கிறது என்று ஒருத்தி சொன்ன பிறகு எதிர்க் கட்சிக்காரி பேச ஒன்றும் இல்லை. பேசினால் அது மரியாதை இல்லை.

"எவ்வளவு போடணும்?" நோ நாடாவோடு கியூச்சானைப் பார்த்தார். "எத்தனை சென்டிமீட்டர், வாத்தியாரே? சொல்லுங்க, அளந்துடலாம்."

கியூச்சான் வாயைத் திறந்தான். எழுபத்திரண்டை வைத்துப் பெருக்கினால் பலகை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வேறு எந்த எண்ணை வைத்துப் பெருக்கினாலும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

அன்று 101 எந்தத் துள்ளலில் மணலைக் கவ்வியது என்பதும், மார்ச் மாதம் கண்ணீரில்லா விசையியலுக்கு நாற்காலி போதாமல் ஓவிய வகுப்பிலிருந்து இரவல் வாங்கியதும் குழுவில் படங்களோடு இருக்கின்றன. வேண்டியவர்கள் மேலே தள்ளித் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் இல்லாதது இதுதான்.

"நாடா வேண்டாங்க" என்றான் கியூச்சான். "குளிர்ல சுருங்கியிருக்கும்."

காலணி நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்தான். அவனுடைய காலணியில் நாடா கிடையாது, ஒட்டும் பட்டைதான். குனிந்தபடியே, குதிகாலால் பலகையை எதிர்ப்பக்கமாக ஓர் எத்து எத்தினான். வைக்கோல் மூட்டை முனகியது. உட்கார்ந்திருந்த நோவும் ஒன்றும் தெரியாதவர்போலக் கொஞ்சம் எழுந்து கொடுத்தார்.

"போதுங்களா?" என்றான், தலையைத் தூக்காமல்.

சாங்மின் அம்மா பலகையில் காலை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் ஒரு பிடி."

கியூச்சான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான், மறுபடி எத்தினான்.